முதல் அகப்பை

அந்த வருடம் திடப்படுத்தல் வகுப்பில் என்னோடு பாயில் உட்கார்ந்திருந்த ஆறு பேரில் இன்று நீங்கள் நான்கு பேர் மிச்சம். நான்கு பேருக்கும் முட்டி வலி, நான்கு பேருக்கும் கண்ணில் புரை. ஞாபகம் மட்டும் கெட்டியாக இருக்கிறது. போன கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து செம்மேடு பஸ்ஸுக்கு நின்றபோது என் மருமகளைக் கூப்பிட்டு, "உன் மாமியா சாமிக்குப் படைச்ச சோத்தத் தின்னுட்டு ஒரு வருசம் பெயிலாப் போனவ, தெரியுமா கண்ணு?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஐம்பத்திரண்டு வருடமாக அதற்கு நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனிச் சிரிக்க மாட்டேன். நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன். இத்தனை நாள் வாயைத் திறக்காததற்குக் காரணம் என் மாமன் பெண்டாட்டி, என் அத்தை. "நாங்க ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள போற வரைக்கும் மூச்சு உடாத கண்ணு" என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். மாமா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அத்தை இந்த மாசியில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து வந்த அன்றே அவர்களுடைய பெரிய மகனிடம், இப்படி ஒரு விஷயம் இருக்கிறது, சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டேன். "சொல்லுங்கக்கா, இனி யாரு வந்து கேக்கப் போறாங்க" என்றான். ஆகவே கேளுங்கள். நடுவில் குறுக்கே பேசக் கூடாது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா வீட்டார் இரண்டு தலைமுறையாக ஜெபவீட்டைச் சேர்ந்தவர்கள். அம்மா அப்படி இல்லை. இரண்டு மேடு தாண்டி, நடந்தால் மூன்று மணி நேரம் பிடிக்கிற ஊரில், ஊர்ச்சாமிக்குப் பானை தூக்குகிற முறை உள்ள வீட்டில் பிறந்தவள். அப்பாவைக் கட்டிக்கொண்டு ஜெபவீட்டுக்கு வந்ததோடு அவளுடைய பிறந்த வீட்டார் எல்லாரும் அவளை விட்டுவிட்டார்கள். அவளுடைய அண்ணன் மட்டும் விடவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, புதுச் சாமை வந்த கையோடு வருவார்.

அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சாமையை அறுத்து அடித்து வைத்தாலும், ஊர்ச்சாமி சாப்பிடாமல் ஒரு மனிதன் வாயில் வைக்க மாட்டான். நாள் குறித்து, விடிவதற்கு முன்னால் முறைக்காரர் வீட்டில் புதுச் சாமையும் பச்சை மொச்சையும் போட்டுப் பொங்கி, பெரிய பானையைத் தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். படைத்து முடிந்து பானை திரும்பி வந்த பிறகுதான் மற்ற வீடுகளில் உலை வைப்பார்கள். அந்த முறைக்காரர் என் மாமா. படைப்பு முடிந்த அன்றே, வெளியூரில் கட்டிக் கொடுத்த பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு சட்டி புதுச்சோறு போக வேண்டும். அந்தச் சட்டியைத்தான் மாமா மத்தியானத்துக்குள் எங்கள் வாசலில் கொண்டு வந்து இறக்குவார்.

எனக்கு அந்தச் சட்டியின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. மேலே மூடிய வாழை இலை சூட்டில் வெந்து கறுத்திருக்கும். அதை எடுத்ததும் மொச்சையின் பச்சை வாசமும் விறகுப் புகையும் சேர்ந்து வரும். சோறு ஆறி இறுகியிருக்கும். அகப்பையால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அம்மா ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். மாமா எதிரே உட்கார்ந்து, அவள் தின்பதைப் பார்த்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது குறைவு. அந்த ஒரு மத்தியானத்தை வைத்துக்கொண்டு அம்மா மிச்ச வருடத்தை ஓட்டினாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குச் சோறுதான் தெரிந்தது.

அந்த வருடம் ஆடியில் நம்முடைய வகுப்பு தொடங்கியது. மார்கழியில் பேராயர் மலைக்கு வருவார், திடப்படுத்தல் கொடுப்பார், அதற்கப்புறம்தான் பெரியவர்களோடு திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடைக்கும். நம் உபதேசியாரை நினைவிருக்கிறதா? சேந்தமங்கலம் பக்கத்து ஆள். அருமையாகப் பாடுவார். அட்டை என்றால் மட்டும் உயிர் போய்விடும். சட்டைப் பையில் எந்நேரமும் உப்புப் பொட்டலம் வைத்திருப்பார். நல்ல மனிதர். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

முதல் நாளே ஏழு பேருக்கும் கைக்குட்டை அளவில் ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொடுத்தார். "இதுதான் உங்க இருதயம். பேராயர் வர்ற அன்னிக்கு இதை விரிச்சுக் காட்டணும். ஒரு பொட்டுக் கறை இருக்கக் கூடாது. எப்பவும் உங்ககூடவே இருக்கணும், பெட்டியில வெச்சுப் பூட்டக் கூடாது" என்றார். துணிக்கும் நெஞ்சுக்கும் ஒரே சோப்புப் போதும் என்று நினைத்துவிட்டார், பாவம். செம்மண்ணும் பலாப் பாலும் அட்டைக்கடி ரத்தமும் இருக்கிற மலையில் நாம் அந்தத் துணியை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமா? உங்களில் ஒருத்தி அதை மூன்று வாழை மட்டைக்குள் வைத்துக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மிளகு பறிக்கப் போனாள். இன்னொருத்தன் இரண்டாம் வாரமே அதில் மூக்கைச் சிந்திவிட்டு, ஓடையில் அலசிக் காய வைத்து, எதுவும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தான். யாரென்று சொல்ல மாட்டேன். அவனுக்கே தெரியும்.

நான்தான் எல்லாரையும்விட மோசம். மனம் சுத்தமாக இருப்பவர்களுக்குக் கடவுளைப் பார்க்கக் கிடைக்கும் என்று உபதேசியார் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். கோபம் வந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்னாசித் தோட்டத்தில் திருடுவதை விட்டேன். விடியலில் எழுந்து குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அது காய்கிற வரைக்கும் முழங்காலில் நின்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை, உண்மையாகவே ஆசைப்பட்டேன். ஆனால் வாரா வாரம் உபதேசியார் துணிகளைப் பார்க்கும்போது, என் துணியின் மேல் அவர் கண் நிற்கிறதா என்று நானும் பார்ப்பேன். அது நின்றால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னலாமா என்று பாடம் நடந்தது. தின்னக் கூடாது, தெரிந்து தின்றால் இருதயம் கறைப்படும் என்றார். எல்லாரும் தலையை ஆட்டினோம். நம்மில் பாதிப் பேருக்கு மாமனோ சித்தப்பனோ அந்தப் பக்கம்தான். எல்லா வீட்டுக்கும் ஏதாவது ஒரு சட்டி வரத்தான் செய்தது. நீங்கள் எல்லாம் தலையை ஆட்டியதோடு நிறுத்திக்கொண்டீர்கள். புத்திசாலிகள். நான் மட்டும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சட்டியையே நினைத்துக்கொண்டு போனேன்.

பத்து நாள் கழித்து மாமா வந்தார். அந்த வருடம் தனியாக வரவில்லை. அவருடைய பங்காளி ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மாடு பார்க்க வர வேண்டியிருந்தது. அவரும் ஒரு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். மாமா வாசலில் சட்டியை இறக்கி, சும்மாட்டை உதறித் தோளில் போட்டார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன்.

"மாமா, இது சாமிக்குப் படைச்சதுங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் பங்காளியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வாய் ஒரு தரம் திறந்து மூடியது.

"ஏனுங்க, கேக்கறேன்ல? படைச்சதா, படைக்காததா?"

"ஏய், தள்ளு அக்கட்டால" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. பங்காளிதான் சிரித்துக்கொண்டே, "என்ன சாமி இப்படிக் கேட்டுப்போட்ட? படைக்காம எவன் புதுசு தூக்கிட்டு வருவான்? முறைக்காரரு ஊட்டுச் சோறாக்கும்" என்றார்.

"அப்ப எங்களுக்கு வேண்டாமுங்க. எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டில் கேட்கட்டும் என்று சொன்னேன். மாமா குனிந்து சட்டியை எடுத்தார். சும்மாடு தோளிலேயே இருந்தது. அதை வைக்க மறந்து, சட்டியை அப்படியே வெறும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். "அண்ணா, அது கெடக்குது அண்ணா, சின்னப் புள்ள" என்று அம்மா வேலி வரைக்கும் ஓடினாள். அவர் திரும்பவில்லை. பங்காளி வாழைத்தாரை வாசலில் வைப்பதா, தூக்கிக்கொண்டு போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தூக்கிக்கொண்டே போனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் அடுப்பு மூட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "தின்னு அம்மிணி, ஒண்ணும் ஆவாதுன்னு அண்ணன் சொல்லுச்சு. தின்னேன். பதினாலு வருசத்துல ஒருக்காக்கூட ஏன், எதுக்குன்னு நா கேக்கல." அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை. அப்பா வழக்கம்போல, "போனது போச்சு, உடு" என்றார்.

அடுத்த ஞாயிறு என் கதை ஜெபவீட்டில் பிரசங்கம் ஆனது. உங்களுக்கு நினைவிருக்கும். உபதேசியார் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "பதிமூணு வயசுப் பிள்ளைக்கு இருக்கிற வைராக்கியம் பெரியவங்களுக்கு இல்லையே" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேராயர் வருகிற அன்று அவர் முன்னால் நான்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது. எனக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை. என் துணி அந்த வாரம் போல வெளுப்பாக என்றைக்கும் இருந்ததில்லை.

ஆனால் ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் மாமா வெறும் தலையில் சட்டி வைத்துக்கொண்டு போனதுதான் வந்தது. அம்மா சாயங்காலமானால் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கார்த்திகை பாதியில் நான் உபதேசியாரிடம் போய், "ஐயா, மாமாகிட்டப் போயி மன்னிச்சிருங்கன்னு கேட்டுட்டு வந்தர்றனுங்க" என்றேன். அவர் பதறிவிட்டார். "சத்தியத்துக்காக நின்னுட்டு அதுக்கு மன்னிப்புக் கேக்கிறதா? அது பிசாசு தர்ற யோசனைம்மா. போகாதே" என்றார். எனக்கு அவர் சொல்வது புரிந்தது. ஆனாலும் உள்ளே அந்த இடம் உறுத்துவது நிற்கவில்லை. போவது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குணம் மட்டும் இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பினேன். நல்ல தூறல். ஓடையைத் தாண்டினதும் அட்டைகள் பிடித்துக்கொண்டன. குனிந்து குனிந்து பிய்த்துப் போட்டுக்கொண்டே போனேன். துணி நனையக் கூடாது என்று பாவாடை மடிப்பில் சுருட்டி வைத்திருந்தேன். இரண்டாவது மேட்டில் ஏறும்போது திரும்பிவிடலாமா என்று ஒரு தரம் தோன்றியது. திரும்பினால் மறுபடி அந்த வேலிப் படலும் அம்மாவும்தானே என்று ஏறிவிட்டேன்.

மாமா வீட்டில் இல்லை, மிளகுக் கொடி கட்டப் போயிருந்தார். அத்தை அடுப்பில் பெரிய பானையை வைத்துச் சாமை பொங்கிக்கொண்டிருந்தாள். என்னையும் என் காலில் வழிந்த ரத்தத்தையும் பார்த்தாள். "அட எஞ்சாமி, எதுக்கு இந்த மழைல வந்த?" என்று காலைக் கழுவிச் சுண்ணாம்பு தடவினாள். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். சட்டியைத் திருப்பி அனுப்பியது தப்பு, படைத்த சோறாகவே இருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மாமா என்னை மன்னிக்க வேண்டும். பாதியில் அழுகை வந்துவிட்டது.

அத்தை விறகை உள்ளே தள்ளினாள். அப்புறம் எழுந்து வாசல் வரைக்கும் போய், வெளியே யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அது படைச்ச சோறு இல்ல கண்ணு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"உங்கம்மா கட்டிட்டுப் போன மொத வருசம் உங்க மாமா சட்டி கொண்டுட்டுப் போனாரு. வாங்கி வெச்சிட்டு அழுதுட்டே நின்னுச்சாம். திங்கவும் முடியல, வேண்டாங்கவும் முடியல. அதப் பாத்துட்டு வந்தவரு ரெண்டு நாளு சரியாப் பேசல. அடுத்த வருசத்துல இருந்து, பொங்கி எறக்குனதும் மொத அகப்பைய உங்க ஊட்டுச் சட்டியிலதான் போடறாரு. மூடி மூலைல வெச்சிட்டு, அதுக்கப்புறந்தான் பானை கோயிலுக்குப் போவுது. வந்ததுக்கப்புறம் அந்தச் சட்டியத் தூக்கிட்டு வாராரு. ஊரே, படைச்ச பானைல இருந்து எடுத்ததுன்னு நெனச்சுட்டிருக்குது."

"அப்ப மாமா ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பக்கத்துல பங்காளி நின்னான்ல? சாமிக்கு முன்னால ஒரு அகப்பை எடுத்தோம்னு தெரிஞ்சா ஊரு சும்மா உடுமா? முறையப் புடுங்கிப்போடுவாங்க. அடுத்த வருசம் மழ தப்புனாக்கூட எங்க தலைல வந்து உடியும். உங்கம்மாளுக்கே தெரியாது. தெரிஞ்சா அண்ணனுக்கு ஆபத்துன்னு அதுவே வேண்டாம்னுரும். நாங்க ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள போற வரைக்கும் மூச்சு உடாத கண்ணு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று நேராகவே சொல்கிறேன். வெட்கம். உடம்பெல்லாம் வெட்கம். தங்கையின் மனம் நோகக் கூடாது என்று, தான் கும்பிடுகிற சாமியையே ஒரு அகப்பைக்குக் காக்க வைத்த மனிதரைப் பார்த்து, உங்கள் சோறு தீட்டு என்று நான் ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு சொல் சொல்லித் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். சொல்லவில்லை. நான் பெற்றுக்கொண்ட பாராட்டு எல்லாம் அவர் வாயை மூடிக்கொண்டு போனதால் கிடைத்தது.

பானை பொங்கி வழிய ஆரம்பித்தது. அத்தை, "புடி புடி, அந்தப் பக்கம் புடி" என்று கத்தினாள். கைக்கு எதுவும் அகப்படவில்லை. பாவாடை மடிப்பிலிருந்து அந்தத் துணியை உருவிப் பானையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் துணி முழுக்கக் கரி. ஐந்து விரலும் தனித் தனியாகத் தெரிந்தது. அத்தை சோறு போட்டாள். இலையை வழித்துத் தின்றேன்.

மாமா வந்தார். நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். "தின்னியா?" என்று மட்டும் கேட்டார். மழை விட்டதும் என்னை ஓடை வரைக்கும் கொண்டு வந்து விட்டார். ஓடைக் கரையில் நின்று, "உம்மேல கோவமில்ல கண்ணு. ஆனா நா இனி சட்டி தூக்கிட்டு வரல. உங்க ஊருல பெரிய பேச்சாப் போச்சு. அம்மிணிக்குத்தான் சங்கடம்" என்றார். அத்தை என்னிடம் சொல்லிவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நானும் காட்ட முடியாது. தலையை ஆட்டிவிட்டு இக்கரைக்கு வந்தேன்.

மன்னிப்புக் கேட்டாயிற்று, ஆனால் அண்ணன் தங்கைக்கு நடுவில் நான் வைத்த படல் அப்படியே இருந்தது. அதை எடுப்பது என் வேலை. அதற்கு முதலில் அந்தச் சாட்சியை என்ன செய்வது?

பேராயர் வந்த நாள் நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் பாயில் உட்கார்ந்து பார்த்தீர்கள். காரவள்ளியிலிருந்து ஜீப்பில் அத்தனை வளைவும் சுற்றி வந்து, முகம் வெளுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்கினார். ஏழு பேரும் வரிசையில் நின்று துணியை விரித்தோம். ஆறு வெள்ளை, ஒரு கரி. நான் எத்தனை தேய்த்தும் போகவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் அதைத் தேய்க்கவே இல்லை. உபதேசியார் என் கையைத் தாழ்த்தப் பார்த்தார். நான் தாழ்த்தவில்லை.

சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். முன்னால் போய் நின்றேன். அம்மா கடைசி வரிசையில், கதவோரம் இருந்தாள்.

"நா அன்னிக்குச் செஞ்சது தப்புங்க. எங்க மாமா கொண்டாந்த சட்டியில ஒரு குத்தமும் இல்லீங்க. எல்லாரும் என்னைய நல்ல புள்ளைன்னு சொல்லோணும்னு ஆசப்பட்டுத் திருப்பி அனுப்புனேன். கறை எம்மனசுலதாங்க இருந்துச்சு."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராயர் கோபப்படவில்லை. "அது படைத்த சோறு இல்லையா, மகளே?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். திடப்படுத்தலும் கிடைக்கும், மாமாவுக்கும் நல்ல பெயர். ஆனால் அன்றைக்கு ஜெபவீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஊரில் கொண்டான் கொடுத்தான் உண்டு. சாயங்காலத்துக்குள் அது மேடு தாண்டிப் போய்விடும். ஆமாம் என்றாலோ பொய்.

"அத நாஞ் சொல்லமாட்டனுங்க" என்றேன்.

"அந்த வீட்டுல அப்புறம் போய்ச் சாப்பிட்டியா?" உபதேசியார் குறுக்கே கேட்டார்.

"சாப்பிட்டனுங்க ஐயா."

அவ்வளவுதான். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பேராயர் மெதுவாகச் சொன்னார். நீங்கள் ஆறு பேரும் முழங்காலில் நின்றீர்கள். நான் கடைசி வரிசைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையிலிருந்த கரித்துணியை வாங்கி நான்காக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஜெபம் வந்தது. கண்ணை மூடினேன், உள்ளே எதுவும் உறுத்தவில்லை. சந்தோஷமாக இருந்தது. எல்லாரும் என்னைக் கெட்டுப்போனவள் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு அப்படிச் சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு எத்தனையோ திருவிருந்து எடுத்திருக்கிறேன். அந்த மாதிரி நாள் இரண்டோ மூன்றோ.

அதற்கப்புறம் ஒரு வருடம் நீங்கள் எனக்குப் 'படையல்காரி' என்று பெயர் வைத்தீர்கள். வைத்தது யார் என்பதும் தெரியும். திருப்பிச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாட்டைத் துணி காய வைத்ததோடு ஒப்பிடவே முடியாது. நாக்கின் நுனி வரைக்கும் வந்து வந்து திரும்பும். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். சனிக்கிழமை தவறாமல் அந்த இரண்டு மேடும் ஏறி மாமா காட்டுக்குப் போனேன். "எதுக்கு வார?" என்று மாமா முதலில் கேட்டார். "சும்மாதானுங்க" என்றேன். உழவு போட்டபோது கல் பொறுக்கினேன். விதைத்தபோது கூடை தூக்கினேன். களை எடுத்தேன், கதிர் வந்தபோது குருவி ஓட்டினேன். மாமா மரவள்ளிக்கிழங்கு சுட்டுக் கொடுப்பார், மாட்டைப் பற்றிப் பேசுவார், சட்டியைப் பற்றி மட்டும் பேச மாட்டார். நானும் கேட்கவில்லை. வீட்டில் அம்மா, எங்கே போகிறாய் என்று ஒரு சனிக்கிழமையும் கேட்டதில்லை. திரும்பி வரும்போது வேலிப் படலைத் திறந்து வைத்திருப்பாள்.

அந்தக் கரித்துணி வெகு நாள் அம்மாவின் பெட்டியில் இருந்தது. வீட்டுக்கு ஓடு மாற்றியபோது எங்கே போனதோ தெரியவில்லை. இப்போது அந்தக் காட்டில் மரவள்ளிதான். சாமை வேண்டுமென்றால் சந்தையில் பொட்டலம் வாங்க வேண்டும்.

மறு வருடம் சாமை அறுத்தார்கள். படைப்பு நாள் என்றைக்கு என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று காலையிலிருந்து அம்மா வாசலை இரண்டு தரம் கூட்டினாள். உச்சிப்பொழுது ஆயிற்று, யாரையும் காணோம். அம்மா உள்ளே போய்ச் சுவரோரம் படுத்துவிட்டாள். நான் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் தடத்தில் சட்டி தெரிந்தது. பின்னாலேயே வாழைத்தாரும் வந்தது, அதே பங்காளி. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மாமா வாசலில் சட்டியை இறக்கினார். சும்மாட்டை உதறித் தோளில் போட்டார். அம்மா எழுந்து வந்து கதவுக்குள்ளேயே நின்றுவிட்டாள். மாமா என்னைப் பார்த்தார்.

"கேக்கலியா கண்ணு?"

"கேக்கமாட்டனுங்க மாமா" என்றேன்.

அது எடுத்து வைத்த சோறா, படைத்த சோறா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அன்றைக்கு நேரம் கழித்து வந்தார். அந்த வருடம் வருவதாகவே அவருக்கு எண்ணம் இல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் முதல் அகப்பையும் எடுத்திருக்க மாட்டார். அத்தையிடம் பிற்பாடு எத்தனையோ முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்கள் இதற்கு என்ன சொன்னாலும் சரி.

சட்டியைத் தூக்கி உள்ளே கொண்டு போய் வைத்தேன். இலையை எடுத்ததும் அந்த வாசம் வீடு முழுக்க எழுந்தது. நான்கு இலை போட்டு மாமாவையும் பங்காளியையும் அப்பாவையும் உட்கார வைத்து, அம்மாவையும் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அம்மா எப்போதும்போல அகப்பைக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. சோற்றை வெட்டி, முதல் அகப்பையை மாமாவின் இலையில் போட்டேன்.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தை சொல்லிவிட்டாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு வருடமாக நான் அதை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறேன் என்றும் தெரிந்தது. பக்கத்தில் பங்காளி இருந்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.